ஊவா மலையில் வாடகைக்கு வீடு

பதுளை நகரிலும் அதனைச் சூழ்ந்து பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என்று விரியும் மலைச்சரிவுகளிலும் வாழும் தமிழ் மக்களிடையே, கையில் சேர்ந்த சிறுதொகையைக் கொண்டு ஒரு வீட்டையோ இரண்டு அறைகளையோ கட்டி வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தை முதுமைக்கு ஆதாரமாக்கிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் அண்மைக் காலத்தில் வேரூன்றி வருகின்றது. பாடசாலை ஆசிரியர், கடைவீதியில் சிறு வியாபாரம் செய்பவர், மத்திய கிழக்கில் வீட்டுப்பணி செய்து மிச்சம் பிடித்து வந்த பெண், கொழும்புக் கடையில் பல ஆண்டுகள் சிப்பந்தியாக உழைத்துத் திரும்பியவர் ஆகியோரே பெரும்பாலும் இவ்வெண்ணத்துக்கு ஆட்படுகிறார்கள். இவர்களுக்கு என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது உசிதம் என்று கருதுகிறேன். ஊவாவில் சிறு முதலுடையவர் வாடகைத் தொழிலில் இறங்குவதாயின், கடன்பட்டு இரண்டாவது வீடு வாங்குவதைவிட, உரிமை தெளிவான தம் சொந்த மனையில் உறுதியான மண்ணின்மேல் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டுவதே விவேகமான ஆரம்பமாகும். ஏன் அவ்வாறு என்பதை விளக்குமுன், இந்த மண்ணில் வீடு என்ற உடைமைக்குள்ள விசித்திரமான சரித்திரத்தைச் சிறிது பார்த்தாக வேண்டும்.

தோட்டங்களிலே வீடு வாடகைப் பொருளாக ஒருகாலும் இருந்ததில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவும் அதன் முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பும் வேலைக்குப் பேர் பதிந்தவனுக்கு இனாமாகக் கிடைத்தன. பேர் நீங்கினால் கூரையும் நீங்கிற்று. குடியிருப்பவன் வாடகை கொடாதவன் ஆகையால் வாடகையாளனுக்குரிய சட்டப் பாதுகாப்பு அவனுக்கு இல்லை. உடைமையாளனும் அல்லன் ஆகையால் கதவின்மேல் ஓர் ஆணி அடிப்பதற்கும் துரையின் தயவை நோக்கி நிற்க வேண்டியிருந்தது. கோப்பிக் காலத்தில் தொடங்கி, தேயிலைக் காலம் முழுவதும் நீடித்து, 1972ஆம் 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும், 1992இல் அவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறிய பின்னரும், இந்த உறவின் சாரம் மாறவில்லை. வாடகை கொடுப்பது எப்படி, வாங்குவது எப்படி, ரசீது எழுதுவது எப்படி என்ற சாதாரண நகர அனுபவங்கள் ஒரு முழுச் சமூகத்துக்கும் தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டிருந்தன என்பதை மறந்துவிட்டு, இன்றைய சிறு வீட்டுக்காரரின் தடுமாற்றங்களைக் குறைகூறுவது நியாயமன்று.

தோட்டத்துக்கு வெளியே வந்து காணி வாங்க விரும்பியவனுக்கும் வழி எளிதாயிருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதன்மேல், 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம் பிரசையல்லாத ஒருவருக்குக் காணி கைமாறுமிடத்து அதன் பெறுமதிக்கு நூற்றுக்கு நூறு வீதம் வரி விதித்தது. ஆயிரம் ரூபாய்க் காணிக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுக்க எந்தத் தொழிலாளியால் முடியும்? 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் ஒரு பகுதியினர் கடல் கடந்தனர். எஞ்சியோரின் உரிமைப் பிரச்சினை 1988ஆம் ஆண்டின் சட்டத்தாலும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் படிப்படியாகத் தீர்ந்தது. ஆகவே, பதுளையில் இன்று தம் பெயரில் உறுதி எழுதி வைத்திருக்கும் தோட்டத்து வழிவந்த குடும்பங்களில் பலவற்றுக்கு அது பரம்பரை ஆஸ்தி அன்று. முதல் தலைமுறைச் சம்பாத்தியமே ஆகும். இழந்தால் மீண்டும் தேட ஒரு வாழ்நாள் வேண்டும் என்ற நிலையில் உள்ளவர், பெரும் பணக்காரர் துணியும் துணிவைத் தாமும் கைக்கொள்ளலாகாது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

இனி, வாடகைச் சட்டத்தின் கதை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது நகரங்களில் வாடகை கட்டுமீறி ஏறியதைத் தடுக்க 1942இல் கட்டளைச் சட்டமொன்று வந்தது. 1948இன் 29ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதனை நிலைப்படுத்தியது. 1972இன் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போனுக்குச் சாதகமாக அதனை மேலும் இறுக்கிற்று. இச்சட்டம் பொருந்தும் வீடுகளிலே வாடகை, வரி மதிப்பீட்டின் அடிப்படையில் கட்டுப்பட்டது. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கலாகாது. குடியிருந்தவர் இறந்தால் அவருடைய மனைவியோ மகனோ அவரிடத்தில் குடியுரிமை பெறுவர். அடுத்த ஆண்டே, 1973இன் 1ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் எத்தனை வீடுகளை வைத்திருக்கலாம் என்பதற்கே எல்லை கட்டி, மிகுதியை அரசிடம் ஒப்படைக்கச் செய்தது. குடியிருப்போனின் துன்பத்தைத் துடைக்க எழுந்த இந்தச் சட்டங்களின் தர்ம நோக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் பயனாக, வாடகைக்கென்று புது வீடு கட்டுவோரின் உற்சாகம் குன்றியதையும், பழைய வீடுகள் பழுதுபார்ப்பாரின்றிச் சிதைந்ததையும், ரசீதில் ஏறாத கைப்பணமாக "கீ மணி" என்னும் வழக்கம் தழைத்ததையும் நகரங்களின் பழைய தெருக்களில் நடந்தவர் எவரும் கண்டிருப்பர். 1980இலும் 2002இலும் வந்த திருத்தங்கள் பல குடியிருப்பு வீடுகளை இச்சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தன.

ஆயினும் பழைய கதைதானே என்று இதனைத் தள்ளிவிடுதல் ஆபத்து. கடைவீதிப் பக்கம் மலிவாக விலைக்கு வரும் பழைய வீடு சில வேளைகளில் ஏன் மலிவாக வருகின்றது என்று விசாரித்தால், உள்ளே நாற்பது ஐம்பது ஆண்டுகளாகச் சொற்ப வாடகையில் ஒரு குடும்பம் வாழ்ந்துகொண்டிருப்பது தெரியவரும். நம் நாட்டில் நிலவும் ரோமன்–டச்சுச் சட்டத்தின்படி வாடகை விற்பனைக்கு முந்தியது; வீட்டை வாங்குகின்றவன் குடியிருப்போனையும் சேர்த்தே வாங்குகிறான். விற்பவர், "அவங்க போயிருவாங்க, நான் சொல்லிட்டேன்" என்று கூறும் வார்த்தையை நம்பி முற்பணம் கொடுத்தவர்கள் மாவட்ட நீதிமன்றத்தின் வாசலில் வருஷக்கணக்காய் நின்ற வரலாறுகள் உண்டு. காலியான வீட்டின் திறப்பு கைக்கு வந்தபின் கையொப்பமிடுதலே முறை.

உரிமைப் பத்திர விஷயம் ஊவாவில் தனிக் கவனத்துக்குரியது. இங்கே "காணி இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அது பல வேறு உரிமைகளுள் எதனையும் குறிக்கலாம். நொத்தாரிசு எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்த அறுதி உறுதியாயிருக்கலாம். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பிரதேச செயலகம் வழங்கிய அனுமதிப் பத்திரமாகவோ, ஜயபூமி, சுவர்ணபூமி என்ற பெயர்களில் வழங்கப்பட்ட அளிப்பாகவோ இருக்கலாம். கூட்டுரிமையாளர் பலருள் ஒருவருடைய பிரிபடாத பங்காயும் இருக்கலாம். தோட்டக் காணியின் ஓரத்தில் யாரோ எப்போதோ வேலி அடைத்துக்கொண்ட துண்டாகவும் இருக்கலாம். அரச அனுமதிப் பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்றவோ குத்தகைக்கு விடவோ இயலாது. அத்தகைய காணியில் எழுந்த வீட்டைச் சாதாரணக் கடதாசியில் எழுதி விலைக்கு வாங்கியவர் காற்றையே விலைக்கு வாங்கியவராவார். 2024இல் தொடங்கிய "உருமய" திட்டம் இவ்வகைக் காணிகளை முழு உரிமையாக மாற்ற முற்பட்டது. ஒருவர் கையிலுள்ள பத்திரம் அவ்வாறு மாறியதா, இல்லையா என்பதைப் பத்திரத்தைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். பத்திரிகைச் செய்தியைக் கொண்டு அன்று.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றுவரை நம்மை ஆளுகின்றது. நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் ஒப்பமிடாத காணிக் கைமாற்றம் எதுவும் செல்லாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் அவ்வாறே. நொத்தாரிசு எழுதும் உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போய்ச் சேருவதால், வீட்டிலுள்ள மூலப்பத்திரம் தொலைந்தாலும் உரிமை தொலைவதில்லை. 1983 ஜூலை 27ஆந் திகதி பதுளையில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டதை அறிந்த தலைமுறைக்கு இந்தப் பிரதியின் பிரயோசனத்தை விளக்கத் தேவையில்லை. ஆகவே, வாங்குமுன் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு முப்பது ஆண்டுக் காலப் பதிவேட்டையேனும் புரட்டச் செய்து, ஈடு, வழக்கு, முன்விற்பனை எவையும் இல்லையென்று அறிந்துகொள்வது அவசியம். மற்றொரு பொறியும் உண்டு. கடன் கொடுப்பவர் சிலர் ஈடு எழுதுவதற்குப் பதிலாக, குறித்த காலத்துள் பணம் திரும்பினால் காணியைத் திருப்பி எழுதுவதாக நிபந்தனையிட்டு அறுதியாகவே எழுதி வாங்குவர். தவணை தப்பினால் காணி போயிற்று. வீடு கட்டக் காசு தேடுகின்றவர் இத்தகைய உறுதியில் கையொப்பமிடுவதைக் காட்டிலும் கட்டாமலிருப்பதே மேல்.

பத்திரம் சுத்தமாயிருந்து மண் சுத்தமாயில்லாவிட்டால் என்ன பயன்? கொழும்பில் வீடு வாங்குகின்றவர் தெருவைப் பார்ப்பார். ஊவாவில் வாங்குகின்றவர் முதலில் மேலே உள்ள சரிவைப் பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மலை சரிந்து மூடியது. அவ்விடம் அபாயகரமானதென்று முன்னரே எச்சரிக்கை இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் "டித்வா" புயல் கொண்டுவந்த மழையில் பதுளை மாவட்டம் நாட்டிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டுக்கு மண்சரிவு அபாய வரைபடங்களை வகுத்து வைத்திருக்கின்றது; அபாயம் உள்ளதாகக் குறிக்கப்பட்ட பகுதிகளில் கட்டடம் எழுப்ப அதன் சான்றிதழ் வேண்டும். இச்சான்றிதழை வெறும் அலுவலகச் சம்பிரதாயமாகக் கருதி, யாரையேனும் பிடித்து எப்படியாவது பெற்றுவிட முனைபவர்களைக் காணும்போது எனக்குக் கோபமே வருகின்றது. தம் குடும்பம் மட்டும் வாழும் வீடானால் அபாயம் அவர்களுடையது. வாடகைக்கு விடும் வீட்டிலோ, அந்த மலையின் குணத்தை அறியாத அந்நியர் ஒருவரின் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

பதுளைப் பள்ளத்தாக்குக்குப் பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றோடு, ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, வருகின்றது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், உலர்ந்த காற்று வீசி ஊவாத் தேயிலைக்கு அந்தப் பிரசித்தமான வாசனை ஏறும் காலத்தில், எந்த வீடும் நல்ல வீடாகவே தோற்றும். வாங்க நினைப்பவர் நவம்பர் மாத அடைமழையில் ஒரு மாலை நேரம் அங்கே போய் நிற்கட்டும். மேற்சரிவிலிருந்து வரும் நீர் எந்தக் கானில் இறங்குகின்றது, தாங்குசுவரின் துளைகளில் தண்ணீர் கசிகின்றதா அல்லது சுவர் வயிறு பிதுங்கி நிற்கின்றதா, பின்சுவரில் ஈரம் எத்தனை அடி ஏறியிருக்கின்றது, மலசலகூடக் குழி நிரம்பி வழிகின்றதா என்ற விஷயங்களை அந்த ஒரு மாலையே காட்டிவிடும். வெடிப்புகளையும் கவனிக்க வேண்டும். பண்டாரவளைப் பக்கத்தில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கம் குடையப்பட்டபோது 2014 டிசம்பரில் நீர் உட்பாய்ந்ததைத் தொடர்ந்து, சுற்றுவட்டாரக் கிணறுகள் வற்றியதும் ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்ததும், 2017இல் மக்கள் தெருவில் இறங்கியதும் நாடறிந்தவை. திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டுவிட்டது. பூசி மறைத்த வெடிப்புகளோடு விலைக்கு வரும் வீடுகள் இன்னும் இருக்கக்கூடும். கிணற்றை நம்பி வாங்குகின்றவர் அக்கிணற்றின் பத்தாண்டுக் கதையை அயலவரிடம் கேட்டறிய வேண்டும்.

இனிக் கணக்கு. நான் இங்கே கூறும் தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவையே. தெருவுக்குத் தெரு அவை வேறுபடும். எண்பது லட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டை வாங்கி மாதம் முப்பதினாயிரத்துக்கு விடுவதாகக் கொள்வோம். ஆண்டு வாடகை மூன்று லட்சத்து அறுபதினாயிரம். போட்ட முதலுக்கு அது நாலரை வீதம். ஒரு மாதம் வீடு காலியாயிருந்து, சோலை வரிக்கும் கூரைத் தகட்டுக்கும் வர்ணத்துக்கும் நாற்பதினாயிரம் போனால், எஞ்சுவது மூன்றரை வீதத்துக்குச் சற்று மேல். எட்டு வீத வட்டியில் அதே பணத்தை வங்கியில் போட்டவர் கூரை ஏறாமல், குழாய் மாற்றாமல், ஆறு லட்சத்து நாற்பதினாயிரம் பெறுகிறார். வாங்கும்போதே முத்திரைத் தீர்வையாக முதல் லட்சத்துக்கு மூன்று வீதமும் எஞ்சியதற்கு நான்கு வீதமும் மாகாண சபைக்குச் செலுத்த வேண்டும். எண்பது லட்சத்துக்கு அது மூன்று லட்சத்துப் பத்தொன்பதினாயிரம், அதாவது ஏறத்தாழ பதினொரு மாத வாடகை, முதல் நாளே கரைந்துபோகின்றது. நொத்தாரிசின் கூலி வேறு. இந்த எண்பதில் அறுபது லட்சத்தைப் பன்னிரண்டு வீத வட்டிக்குக் கடனாக எடுத்தவர் முதலாண்டில் ஏழு லட்சத்துக்கு மேல் வட்டி மட்டும் கட்டுவார். வாடகையோ அதில் பாதிதான். மீதியைச் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர் என்று அழைக்கப்படலாம். உண்மையில் அவர் வங்கியின் வாடகையாளரே. 2022இல் ரூபாய் வீழ்ந்து, செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின் ஏற்றம் 69.8 வீதத்தைத் தொட்டு, வங்கிக் கடன் வட்டிகள் இருபது வீதத்தைத் தாண்டிய அந்த மாதங்களில், மாறும் வட்டிக்கு வீட்டுக் கடன் எடுத்தவர் பட்ட பாட்டை மறப்பதற்கில்லை.

"காணி விலை ஏறுமே" என்பார்கள். ஏறும், பணம் மலிந்த அந்நாட்களில் பலர் காணியில் புகலிடம் தேடியதும் உண்மை. ஆனால் விலையேற்றம் விற்றால்தான் கைக்கு வரும். முதுமைக்கு வருமானம் வேண்டியவர் விற்றுவிட்டால் வருமானமே போயிற்று. மேலும், ஒரு பகுதிக்கு ஒரு முறை மண்சரிவு எச்சரிக்கை விடப்பட்டாலே, அங்குள்ள விலைகளெல்லாம் ஓரிரவில் சரிந்துவிடுகின்றன.

இவ்வாறு வீடு வாங்கியவருடன், தம் சொந்த மனையில் பதினைந்து லட்சம் செலவிட்டுத் தனி வாசலும் தனிக் குளியலறையும் கொண்ட இரண்டு அறைகளைக் கட்டியவரை ஒப்பிட்டுப் பாருங்கள். பதுளையிலே பசறை வீதியில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டதன் பின், மாணவருக்குப் போடிங் அறை தேடும் தேவை ஓர் ஓயாத ஊற்றாகிவிட்டது. நாலு மாணவரிடம் தலைக்கு ஆறாயிரம் வீதம், விடுமுறை கழித்துப் பத்து மாதம் பெற்றாலும் இரண்டு லட்சத்து நாற்பதினாயிரம். போட்ட பணத்துக்குப் பதினாறு வீதம். மனையின் விலை இக்கணக்கில் சேரவில்லை என்று ஆட்சேபிப்பார் உண்டு. அது நியாயமான ஆட்சேபமே. ஆனால் அந்த மனை எப்படியும் அவர் வாழுமிடமாதலால், புதிதாய் அவர் அபாயத்துக்கு உட்படுத்துவது அந்தப் பதினைந்து லட்சத்தை மட்டுந்தான். பழுது நேர்ந்தால் உடனே கண்ணில் படும்; மாணவர் இல்லாத மாதத்தில் மகளோ மருமகனோ வந்து தங்கலாம். மாணவரையன்றி, வைத்தியசாலையிலும் கச்சேரியிலும் பாடசாலைகளிலும் இடமாற்றம் பெற்று வரும் உத்தியோகஸ்தரும் உண்டு. சம்பளம் நிலையானது, தங்கும் காலம் இரண்டு மூன்று வருஷம். சிறு வீட்டுக்காரருக்கு இவர்களைவிடச் சிறந்த குடியிருப்போர் கிடைப்பது அரிது.

கட்டுமுன் மாநகர சபையிலோ நகர சபையிலோ பிரதேச சபையிலோ வரைபட அனுமதி பெற வேண்டும். கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழும் பெற வேண்டும். மின்மானியைத் தனியாக வைப்பது மிக முக்கியம். நம் மின்கட்டணம் படிப்படியாக அலகு கூடக் கூட விலை ஏறும் முறையில் அமைந்ததால், இரண்டு குடும்பங்கள் ஒரே மானியில் எரித்தால் இருவரும் மேற்படிக்கு ஏறி விடுகின்றனர். பிறகு "யார் ஹீட்டர் போட்டது" என்பதிலிருந்து தொடங்கும் சண்டை வாடகையையே விழுங்கிவிடும்.

எல்லப் பக்கத்து நிலைமை வேறு. 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடிக்க உலகெங்குமிருந்து வருவோருக்காகச் சாதாரண வீடுகள்கூட "ஹோம்ஸ்டே" ஆகிவிட்டன. ஓர் இரவின் வரும்படி பதுளையில் ஒரு வாரத்து வாடகைக்குச் சமமாகவும் இருக்கலாம். ஆனால் 2018இல் இருபத்து மூன்று லட்சத்துக்கு மேலிருந்த உல்லாசப் பயணிகளின் வரவு, 2019இன் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கும் அதன்பின் வந்த கொள்ளைநோய்க்கும் இடையே சரிந்து, 2021இல் இரண்டு லட்சத்துக்கும் குறைந்தது. 2024இலேதான் மீண்டும் இருபது லட்சத்தைக் கடந்தது. அந்த ஐந்தாறு ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்க வேறு ஜீவனோபாயம் உள்ளவர் எல்லவுக்குப் போகலாம். சேமிப்பு முழுவதையும் அதில் வைப்பவர் போகலாகாது.

குடியிருப்போரைத் தெரிவு செய்வதில் நம்மவரிடையே நிலவும் ஒரு வழக்கத்தைப் பற்றி மௌனமாயிருக்க இயலவில்லை. அறை கேட்டு வருகின்ற பிள்ளையின் தேசிய அடையாள அட்டையில் தோட்டத்து விலாசத்தைக் கண்டவுடன் "இடமில்லை" என்று சொல்லும் வீட்டுக்காரர், தம் பாட்டனாரும் ஒரு லயத்தில் பிறந்தவரே என்பதை எத்தனை சீக்கிரம் மறந்துவிடுகிறார்! யுத்த காலத்தில் தமிழ்ப் பெயரைக் கேட்டதும் கொழும்பிலும் பதுளையிலும் கதவு சாத்தப்பட்டதையும், குடியிருப்போர் விபரம் கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு அலைந்ததையும் அனுபவித்த சமூகம், அதே கதவைத் தன்னிலும் எளியவர்மேல் சாத்துவது அழகன்று. வியாபார நோக்கிலும் அது விவேகமன்று. மாதச் சம்பளமும் முந்திய வீட்டுக்காரரின் சொல்லும் விலாசத்தைவிட நம்பத்தக்க சாட்சிகள்.

வாய்ப்பேச்சாகவே வீடு கொடுத்தல் நம் ஊர் வழமை. மாதவாடகை வாய்ச்சொல்லால் செல்லும்தான். முடிவுக்குக் கொண்டுவர ஒரு முழுக் கலண்டர் மாத அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். ஆயினும் குடியிருப்போர் போக மறுத்தால் என்ன செய்வது? பூட்டை உடைத்துச் சாமானை வெளியில் வைத்தவர்களும், தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டியவர்களும் தாமே நீதிமன்றப் படியேற நேர்ந்திருக்கின்றது. ஏனெனில் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம், பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் உள்ளே அமர்த்த நீதவானுக்கு அதிகாரம் அளித்துள்ளது. முறையான வழி 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் ஓரளவு சுருங்கியிருக்கின்றது. நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய குத்தகை ஒப்பந்தம் கையிலிருந்தால், தவணை முடிந்தும் வெளியேறாதவருக்கெதிராக மாவட்ட நீதிமன்றத்தில் துரித நடைமுறையை நாடலாம். ஒப்பந்தத்துக்குச் செலவாகும் சில ஆயிரங்களை வீண் என்று கருதுபவர் பின்னர் சட்டத்தரணிக்குப் பன்மடங்கு கொடுப்பார். சிறு நிலுவைத் தகராறுகளுக்கோ மத்தியஸ்த சபையே போதும்; அங்கே ஒரு பிற்பகலில் தீர்ந்தவை நீதிமன்றத்தில் பத்தாண்டு இழுபட்டிருக்கும்.

வருமான வரியைப் பற்றிய பயம் பெரும்பாலும் வீண். 2017இன் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வாடகையில் நாலில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்பு முதலிய செலவுகளுக்கென்று கழித்துவிடுகின்றது. அதன்மேல், 2025 ஏப்ரல் முதல் ஒருவருடைய ஆண்டு வருமானத்தில் பதினெட்டு லட்சம் வரை வரியில்லை. இரண்டு அறை வைத்திருக்கும் ஆசிரியருக்கு வரி ஏற்படுவது அபூர்வம். கணக்கு எழுதி வைக்கும் கடமை மட்டும் உண்டு.

தோட்டத்துக்குள்ளேயே வாடகைக்கு விடலாமா என்ற கேள்வி இப்போது எழத் தொடங்கியிருக்கின்றது. லயக் காம்பராவைப் பொறுத்தவரை விடை சுலபம். தமக்கு உரிமையில்லாததை எவரும் வாடகைக்கு விட முடியாது. காலியான காம்பராவை வெளியாருக்கு மாதக் காசுக்குக் கொடுத்தவருக்கு அந்தக் காசை நிலுவையாகக் கேட்கவும் சட்டத்தில் நிலையில்லை. சிக்கலானது புதிய தனி வீடுகளின் நிலையே. 2015க்குப் பின் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியென்ற கொள்கையின் கீழும், 550 சதுர அடி கொண்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழும் எழுந்த வீடுகளில் வாழ்வோருள் சிலருக்கு உறுதி கிடைத்திருக்கின்றது. சிலருக்கு வாக்குறுதி கிடைத்திருக்கின்றது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையிலும் உரிமைப் பத்திரம் வழங்கும் விழா நடைபெற்றது. அந்த ஏழு பேர்ச்சில், ஏறத்தாழ ஆயிரத்துத் தொளாயிரம் சதுர அடியில், வீடு போக இன்னும் ஓரறைக்கு இடமுண்டு. தோட்டப் பாடசாலைக்குப் பஸ்ஸிலும் நடையிலும் நாளும் வந்துபோகும் ஆசிரியை ஒருவருக்கு அந்த அறை பெரும் உபகாரமாயிருக்கும். ஆனால் பத்திரத்தில் உள்ள நிபந்தனைகளை வாசிக்காமல் அத்திவாரம் வெட்டலாகாது. கைமாற்றத்தையும் குத்தகையையும் தடுக்கும் விதிகள் அதில் உண்டா என்று நொத்தாரிசு ஒருவரிடம் காட்டிக் கேட்பது முதல் வேலை. இரண்டாவது, வீட்டுக்கு வரும் தோட்டப் பாதையும் பீலித் தண்ணீரும் யாருடைய பொறுப்பில் உள்ளன என்று எழுத்தில் அறிவது. பெரும்பாலும் அவை இன்னும் கம்பனியின் கையிலுள்ள அரச காணியைச் சேர்ந்தவை. கம்பனிகளுக்கு 1992இலிருந்து ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்ட குத்தகை 2045இல் முடிகின்றது. இன்று கட்டும் அறையின் செலவைப் பதினைந்து இருபது ஆண்டு வாடகையில் மீட்க எண்ணுபவர், அந்தத் திகதியையும் தம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கின்றது.